நிறைவேறா வெப்பமூட்டு நேரம்

நிறைவேறா வெப்பமூட்டு நேரம் என்பது கட்டிட ஆற்றல் மாதிரியாக்கத்தில் பயன்படும் ஓர் அளவீடு ஆகும். கட்டிடம் ஒன்றின் கணினி மாதிரியில், ஓர் அறைக்குக் குறிக்கப்பட்ட வெப்பநிலையை அங்குள்ள வெப்பமூட்டும் ஏற்பாட்டால் எட்ட முடியாமற் போகும் நேரத்தின் ஆண்டுக் கூட்டுத்தொகையை இது குறிக்கும். குளிரூட்டும் ஏற்பாடு இவ்வாறு தவறும் நேரம் நிறைவேறாக் குளிரூட்டு நேரம் எனப்படும். இவ்விரண்டும் பொதுவாக நிறைவேறாச் சுமை நேரம் என அழைக்கப்படுகின்றன.

இந்த எண் கட்டிடத்தின் ஆற்றல் நுகர்வைக் கூறுவதில்லை. மாதிரி தரும் நுகர்வுக் கணக்கை நம்பலாமா, கூடாதா என்பதையே இது கூறுகின்றது. எனவே இதனை ஒரு விடையாகக் கொள்ளாமல், நோயின் அறிகுறியைப் போலக் கொண்டு காரணத்தைத் தேடுவதே முறையான கையாளுகை ஆகும். திருவண்ணாமலை போன்ற வெப்பமான ஊர்களில் இந்த வேறுபாடு மிகவும் தெளிவாகப் புலப்படும்.

பின்னணி

கட்டிட ஆற்றல் மாதிரியாக்கம் என்பது, ஒரு கட்டிடம் ஓராண்டில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடும் என்பதைக் கணினி மூலம் முன்கூட்டியே கணிக்கும் முறையாகும். சுவர், கூரை, சாளரம், விளக்கு, மக்கள் நடமாட்டம், குளிரூட்டி, வெப்பமூட்டி ஆகியவற்றின் விவரங்கள் மென்பொருளுக்கு உள்ளீடாகத் தரப்படுகின்றன. இவற்றுடன் அவ்வூரின் வானிலைக் கோப்பும் சேர்க்கப்படும். அக்கோப்பில் ஆண்டின் 8760 மணிநேரத்துக்கும் உரிய வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு ஆகியன இருக்கும். மென்பொருள் ஒவ்வொரு மணிநேரத்தையும் சிறு காலப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறையின் வெப்பநிலையையும் கணக்கிடுகின்றது. அமெரிக்க ஆற்றல் துறையின் ஆதரவில் உருவாகி 2001ஆம் ஆண்டு வெளியான எனர்ஜிபிளஸ், அதற்கு முந்தைய டிஓஈ-2, அதனை அடிப்படையாகக் கொண்ட ஈக்வெஸ்ட் ஆகியன இவ்வகை மென்பொருள்களுள் பரவலாக அறியப்பட்டவை.

மாதிரியில் ஒரே வகையான பயன்பாடும் கட்டுப்பாடும் கொண்ட அறை அல்லது அறைகளின் தொகுதி வலயம் எனப்படும். ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு வெப்பமூட்டு இலக்கும் ஒரு குளிரூட்டு இலக்கும் தரப்படும். எடுத்துக்காட்டாக, வெப்பமூட்டு இலக்கு 21 பாகை செல்சியஸ் எனின், அறை அதற்குக் கீழே குளிரும்போது வெப்பமூட்டி இயங்கத் தொடங்கும். இயங்கியும் அறை 21 பாகையை அடையாவிடின், அந்நேரம் நிறைவேறா நேரமாக எண்ணப்படும்.

எண்ணப்படுவதன் நோக்கம்

அடுப்பே மூட்டாத வீட்டில் விறகு மிச்சமாவது சிக்கனம் ஆகாது. அதுபோல, அறையைப் போதிய அளவு சூடாக்காத அல்லது குளிர்விக்காத கட்டிடம் குறைந்த மின்சாரத்தைச் செலவிடுவது ஆற்றல் சேமிப்பு ஆகாது. மாதிரியில் மிகச் சிறிய கருவியைப் பொருத்திவிட்டால் ஆண்டு நுகர்வு தானாகவே குறைந்துவிடும். உள்ளே இருப்போர் நடுங்குவதோ வியர்ப்பதோ நுகர்வு அட்டவணையில் தெரியாது. ஆகவே, இரு கட்டிட வடிவமைப்புகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவான வசதியைத் தருகின்றனவா எனச் சரிபார்க்க இவ்வெண் தேவைப்படுகின்றது.

வரையறையும் வரம்பும்

அமெரிக்க வெப்பமூட்டல், குளிரூட்டல், வளிச்சீராக்கப் பொறியாளர் சங்கம் சுருக்கமாக ஆஷ்ரே எனப்படும். அதன் 90.1 தகுதரத்தின் பின்னிணைப்பு ஜி, திட்டமிடப்பட்ட கட்டிடத்தை ஓர் அடிப்படைக் கட்டிடத்துடன் ஒப்பிடும் முறையை வகுத்துள்ளது. லீட் போன்ற பசுமைக் கட்டிடச் சான்றிதழ்கள் இம்முறையைப் பின்பற்றியதால் இது உலகெங்கும் பரவியது. இத்தகுதரத்தின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பின் முக்கிய விதிகள் பின்வருமாறு:

- இரு மாதிரிகளிலும் நிறைவேறாச் சுமை நேரம் 8760 மணிநேரத்தில் 300ஐத் தாண்டக்கூடாது.
- திட்டமிடப்பட்ட கட்டிடத்தின் எண், அடிப்படைக் கட்டிடத்தின் எண்ணைவிட 50க்கு மேல் கூடுதலாக இருக்கக்கூடாது.
- அடிப்படைக் கட்டிடத்தின் குளிரூட்டும் கருவி, கணக்கிட்ட தேவையைவிட 15 விழுக்காடும், வெப்பமூட்டும் கருவி 25 விழுக்காடும் கூடுதலான திறனுடன் அமைக்கப்படவேண்டும்.

8760இல் 300 என்பது ஏறத்தாழ 3.4 விழுக்காடு ஆகும். இது சிறியதாகத் தோன்றினாலும், நாளொன்றுக்கு 10 மணிநேரம், வாரத்துக்கு 6 நாள் இயங்கும் அலுவலகம் ஆண்டில் ஏறத்தாழ 3120 மணிநேரமே பயன்பாட்டில் இருக்கும். நிறைவேறா நேரம் முழுவதும் பணி நேரத்திலேயே நிகழ்ந்தால், அது அங்குள்ளோர் செலவிடும் நேரத்தில் 9.6 விழுக்காடு ஆகும்.

இந்தியாவில் மின்துறை அமைச்சகம் 2007ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புக் கட்டிட விதித்தொகுப்பை வெளியிட்டது. இது 2017இல் திருத்தியமைக்கப்பட்டது. திருத்தப்பட்ட தொகுப்பு, இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட வணிகக் கட்டிடங்களைக் கருத்திற் கொண்டது. இத்தொகுப்பிலும் முழுக் கட்டிடத்தையும் கணினியில் ஒப்பிட்டுக் காட்டும் வழி ஒன்று உண்டு.

எண்ணும் முறையும் அதன் குறைகளும்

இவ்வெண்ணைப் படிப்போர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும்.

முதலாவது, கட்டிடம் முழுமைக்குமான எண்ணில், ஏதேனும் ஒரு வலயம் தவறினாலே அந்த மணி கணக்கில் சேரும். 20 அறைகளும் ஒரே நேரத்தில் 20 மணிநேரம் தவறினால் எண் 20 ஆகும். அதே 20 அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக, வெவ்வேறு வேளைகளில் தலா 20 மணிநேரம் தவறினால் எண் 400 ஆகிவிடும். ஒவ்வோர் அறையிலும் இருப்பவர் படும் துன்பம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதலாவது கட்டிடம் வரம்புக்குள் நிற்கும், இரண்டாவது நில்லாது.

இரண்டாவது, தவறிய அளவு கணக்கில் வருவதில்லை. இலக்கைவிட 0.3 பாகை குறைந்த மணியும் 5 பாகை குறைந்த மணியும் ஒன்றாகவே எண்ணப்படும். எனர்ஜிபிளஸ் மென்பொருளில் இயல்பாக 0.2 பாகை வரையிலான விலகல் பொறுத்துக்கொள்ளப்படும். அதற்கு மேற்பட்டது அனைத்தும் தவறாகவே கொள்ளப்படும்.

மூன்றாவது, ஆட்கள் உள்ள நேரத்துக்குத் தனி எண்ணும், ஆண்டு முழுமைக்கும் தனி எண்ணும் அறிக்கையில் இருக்கலாம். எந்த எண் பேசப்படுகின்றது என்பதை உறுதி செய்யாமல் ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

காரணங்கள்

வெப்பமூட்டு நேரம் நிறைவேறாமைக்குப் பொதுவான காரணங்கள் இவை:

- காலைச் சூடேற்றம். இரவில் இலக்கைத் தாழ்த்தி வைத்து, ஆட்கள் வரும் மணியில் உயர்த்தினால், அறை உடனடியாகச் சூடாவதில்லை.
- கால அட்டவணை முரண்பாடு. ஆட்கள் 8 மணிக்கு வருவதாகவும் கருவி 9 மணிக்கு இயங்குவதாகவும் உள்ளீடு செய்யப்பட்டிருக்கலாம்.
- கருவியின் திறன் குறைவு. வெப்பமூட்டியின் அளவு வடிவமைப்பு நாள் எனப்படும் ஒரு குளிர்ந்த நாளைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. 99.6 விழுக்காட்டு அளவு தேர்ந்தெடுக்கப்பட்டால், ஆண்டில் ஏறத்தாழ 35 மணிநேரம் வெளி வெப்பநிலை அதற்கும் கீழே செல்லும்.
- காற்றின் அளவு அல்லது வெப்பநிலைக் கட்டுப்பாடு. கொதிகலன் பெரிதாக இருந்தும், அறைக்கு வரும் காற்று குறைவாகவோ போதிய சூடின்றியோ இருந்தால் பயனில்லை.
- வலயப் பிரிப்பு. வெயில் படும் தெற்கு அறையையும் வெயில் படாத வடக்கு அறையையும் ஒரே தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்தினால், ஒன்று சரியாகும்போது மற்றொன்று குளிரும்.
- இலக்கு உண்டு, கருவி இல்லை. மாடிப்படி, கிடங்கு, குளியலறை போன்றவற்றுக்குத் தவறுதலாக இலக்கு தரப்பட்டிருக்கலாம்.
- உள்ளீட்டுப் பிழை. காற்றுக் கசிவின் அலகு மாறிப்போனால், அறை எப்போதும் திறந்த வெளியைப் போல நடந்துகொள்ளும்.

இவற்றுள் காலைச் சூடேற்றத்தை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட கருங்கல் அறை ஒன்றைக் கொள்வோம். அதிலுள்ள 60 கன மீட்டர் காற்றை 3 பாகை உயர்த்த ஏறத்தாழ 216 கிலோஜூல் போதும். ஒரு கிலோவாட் வெப்பமூட்டி இதனை நான்கு நிமிடத்துக்குள் தந்துவிடும். ஆனால் சுவர்களின் உட்புற 5 சென்டிமீட்டர் மட்டுமே காற்றுடன் சேர்ந்து சூடாவதாகக் கொண்டாலும், 54 சதுர மீட்டர் சுவரில் ஏழு டன்னுக்கு மேற்பட்ட கல் உள்ளது. அதனை 3 பாகை உயர்த்த ஏறத்தாழ 17,000 கிலோஜூல் தேவை. அதே வெப்பமூட்டிக்கு இது ஏறத்தாழ நாலே முக்கால் மணிநேர வேலை. எனவே இங்குத் தவறு பெரும்பாலும் கருவியின் அளவில் இல்லை, அது தொடங்கும் நேரத்திலேயே உள்ளது.

கையாளும் முறை

வரம்பைத் தாண்டிய எண்ணைக் கண்டவுடன் கருவியின் திறனை இரட்டிப்பாக்குவது பலரும் செய்யும் எளிய வழி. இதனால் எண் குறையலாம், ஆனால் மூலப் பிழை மறைந்தே இருக்கும். அளவுக்கு மிஞ்சிய கருவி பெரும்பாலான நேரம் பகுதிச் சுமையில் இயங்குவதால் அதன் செயல்திறன் மாறுபடும், விசிறியின் மின்செலவும் கூடலாம். அடிப்படைக் கட்டிடத்தில் இவ்வாறு செய்தால், திட்டமிட்ட கட்டிடம் இல்லாத சேமிப்பை இருப்பதாகக் காட்டும். பின்வரும் வரிசை பயனுள்ளதாகும்:

1. வெப்பமூட்டு நேரத்தையும் குளிரூட்டு நேரத்தையும் தனித்தனியே பிரித்தல்.
2. ஒவ்வொரு வலயத்தின் எண்ணையும் பார்த்தல். பெரும்பாலும் இரண்டு மூன்று வலயங்களே மொத்த எண்ணுக்கும் காரணமாக இருக்கும்.
3. எந்த மாதம், எந்த மணி எனப் பார்த்தல். காலை முதல் மணியில் மட்டும் தவறினால் அட்டவணையையும், நாள் முழுதும் தவறினால் திறனையும் ஐயுறலாம்.
4. உண்மையான கருவியை நீக்கி, வரம்பற்ற திறனுள்ள கற்பனைக் கருவியைப் பொருத்தி மாதிரியை இயக்குதல். எனர்ஜிபிளஸ் மென்பொருளில் இதற்கு வசதி உண்டு. அப்போதும் எண் குறையாவிடின், குற்றம் திறனில் இல்லை. இலக்கு, அட்டவணை ஆகியவற்றில் உள்ளது.
5. உள்ளீட்டுப் பிழைகளைத் திருத்திய பின்னரே, தேவையெனின் திறனைச் சிறிது சிறிதாக உயர்த்துதல்.
6. செய்த மாற்றத்தையும் அதன் காரணத்தையும் எழுதிவைத்தல்.

பொறுத்துக்கொள்ளும் விலகலை அகலமாக்குவது, ஆட்கள் இருக்கும் நேரத்தைச் சுருக்கிக் காட்டுவது, காரணமின்றி இலக்கைத் தாழ்த்துவது ஆகியன எண்ணை மட்டுமே குறைக்கும். அறையின் நிலை மாறாது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதியில் வெப்பமூட்டியின் தேவை அரிது. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலை ஊர்கள் இதற்கு விலக்கு. ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் டிசம்பர், சனவரி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. அங்கு நிறைவேறா வெப்பமூட்டு நேரம் உண்மையான குளிரைக் குறிக்கும். தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் டொரண்டோ நகரில், வெளி வெப்பநிலை சில குளிர்கால நாட்களில் கழித்தல் 20 பாகைக்கும் கீழே செல்லும். அங்கு இவ்வெண்ணைப் புறக்கணிப்பது உடல்நலத்துக்கே கேடாகும்.

சமவெளியில் நிலைமை வேறு. அங்கு வெப்பமூட்டியே இல்லாத கட்டிடத்தின் அறிக்கையிலும் நூற்றுக்கணக்கான நிறைவேறா வெப்பமூட்டு மணிகள் தோன்றக்கூடும். குளிர்நாடுகளுக்காக வகுக்கப்பட்ட 21 பாகை இலக்கு, மென்பொருளின் வார்ப்புருவிலிருந்து மாற்றப்படாமல் தொடர்வதே இதற்கு வழக்கமான காரணம். மேலும், ஆஷ்ரே பின்னிணைப்பு ஜியின்படி, வெப்பமூட்டி இல்லாத கட்டிடத்துக்கும் ஒரு மின் வெப்பமூட்டி இருப்பதாகக் கொண்டு, இரு மாதிரிகளிலும் ஒரே தன்மையுடன் அமைக்கவேண்டும். இது ஒப்பீட்டுக்கான ஏற்பாடே அன்றி, கட்டிடத்தில் வாங்கிப் பொருத்தவேண்டிய கருவி அன்று.

எடுத்துக்காட்டு: ரமணாசிரமம் பகுதி

திருவண்ணாமலையில் அண்ணாமலையின் தென் அடிவாரத்தில், செங்கம் சாலையில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. இப்பகுதியில் தங்கும் விடுதிகள் பல உள்ளன. கார்த்திகைத் தீபத்தை ஒட்டியும், அதனைத் தொடர்ந்த மார்கழி, தை மாதங்களிலும் வெளியூர், வெளிநாட்டு வருகையாளர்கள் மிகுதியாகத் தங்குகின்றனர். இம்மாதங்களின் விடியற்காலையில் வெளி வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. சித்திரை, வைகாசியிலோ பகல் வெப்பம் 40 பாகையை நெருங்கும்.

இங்கு இரண்டு மாடி விடுதி ஒன்றின் மாதிரியைக் கற்பனையாகக் கொள்வோம். கீழ்த்தளம் தடித்த செங்கற்சுவரும் காங்கிரீட்டுத் தளமும் கொண்டது. மேல்தளத்தின் ஒரு பகுதி தகரக் கூரையால் ஆனது. முதல் இயக்கத்தில் நிறைவேறா வெப்பமூட்டு நேரம் 640 எனக் காட்டப்படுகின்றது. வலயவாரியாகப் பார்க்கும்போது, மாடிப்படிக்கும் திறந்த நடைவழிக்கும் இலக்கு தரப்பட்டிருப்பது தெரியவருகின்றது. அதனை நீக்கினால் எண் 170 ஆகக் குறைகின்றது. எஞ்சியவை அனைத்தும் டிசம்பர், சனவரி மாதங்களில் காலை 4 மணி முதல் 7 மணி வரை, தகரக் கூரையின் கீழுள்ள அறைகளில் மட்டும் நிகழ்கின்றன.

அலுவலகத்துக்குரிய 9 மணி முதல் 6 மணி வரையான அட்டவணையைப் பயன்படுத்தியிருந்தால் இந்த 170 மணியும் கண்ணுக்குத் தெரிந்திராது. விடியுமுன் எழுவோரும் கிரிவலம் செல்வோரும் தங்கும் விடுதியில் அந்த அட்டவணை பொருந்தாது. சூரியன் எழுவதற்குச் சற்று முன்னரே நாளின் குளிர்ந்த வேளை அமைகின்றது.

இனி இந்த 170ஐ இலக்கைத் தாழ்த்தி நீக்கிவிடலாமா என்ற கேள்வி எழும். இந்திய மக்களின் வெப்ப வசதியை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு வெளியான இந்தியத் தகவமைவு வசதி மாதிரி, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டிடங்களுக்கு ஒரு சூத்திரத்தைத் தருகின்றது. அண்மைய 30 நாள் வெளி வெப்பநிலைச் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்டினால் வசதியான உள் வெப்பநிலை கிடைக்கும். அதிலிருந்து 2.38 பாகை கூடியும் குறைந்தும் இருப்பதை 90 விழுக்காட்டினர் ஏற்பர். சராசரி 32 பாகையாக உள்ள கோடையில் இவ்வெல்லை 27.7 முதல் 32.5 வரை அமையும். சராசரி 24 பாகையாக உள்ள மார்கழியில் 23.4 முதல் 28.2 வரை அமையும். அதாவது கோடையில் இம்மாதிரி தாராளமானது, ஆனால் குளிர்காலத்தில் அதன் கீழ் எல்லை 21 பாகையைவிட உயர்ந்தது. வெப்பத்துக்குப் பழகியவர்க்கு 21 பாகையே குளிர்தான். ஆகவே சூத்திரத்தைக் காட்டி அந்த 170 மணியைத் தள்ளிவிட இயலாது.

தவறு கூரையில் உள்ளது. மெல்லிய தகரம் தெளிந்த இரவு வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி விரைவில் குளிர்கின்றது. அதே தகரம் கோடைப் பகலில் அடுப்பாகச் சுடுகின்றது. கனத்த கட்டுமானம் இதற்கு மாறாகப் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல வெளியிடும். ஆசிரமத்தினுள் 1949இல் குடமுழுக்குச் செய்யப்பட்ட மாத்ருபூதேசுவரர் கோயில் போன்ற கருங்கற் கட்டிடங்களில் இப்பண்பைக் காணலாம். எனவே இம்மாதிரியில் சோதிக்கவேண்டியது அறைக்கொரு வெப்பமூட்டி அன்று. கூரைக்குக் கீழே வெப்பக்காப்பும் உட்கூரையும் அமைத்து, இரவில் சாளரத்தை மூடி மாதிரியை மீண்டும் இயக்கிப் பார்க்கவேண்டும். அந்தத் திருத்தம் கோடைப் பகலின் நிறைவேறாக் குளிரூட்டு நேரத்தையும் சேர்த்துக் குறைக்க வாய்ப்பு உண்டு. ஆயினும் வெப்பக்காப்பு கோடை இரவில் அறை ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், கோடையில் இரவுக் காற்றோட்டத்தையும் உடன் சோதிக்கவேண்டும்.

வானிலைக் கோப்பும் கவனிக்கத்தக்கது. தனிக் கோப்பு கிடைக்காத ஊருக்கு அருகிலுள்ள நகரின் கோப்பைப் பயன்படுத்துவது வழக்கம். சென்னை கடற்கரை நகரம், கடல் அதன் இரவுக் குளிரையும் பகல் வெப்பத்தையும் மட்டுப்படுத்துகின்றது. உள்நாட்டில், ஏறத்தாழ 800 மீட்டர் உயர்ந்த பாறைமலையின் அடியில் உள்ள திருவண்ணாமலைக்கு அக்கோப்பைப் பயன்படுத்தினால், இரு முனைகளிலும் தேவை குறைத்து மதிப்பிடப்படலாம்.

மாற்று அளவீடுகள்

மணிகளை மட்டும் எண்ணுவதன் குறையைப் போக்க, பாகை-மணி என்னும் அளவு பயன்படுகின்றது. இலக்கைவிட 2 பாகை குறைந்த நிலையில் 3 மணிநேரம் கழிந்தால் அது 6 பாகை-மணி ஆகும். தவறிய நேரத்துடன் தவறிய அளவும் இதில் தெரியவரும். வெப்பமூட்டியும் குளிரூட்டியும் இல்லாத கட்டிடங்களுக்கு, வசதி எல்லைக்கு வெளியே கழிந்த நேரத்தைக் கணக்கிடும் முறை பொருத்தமானது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதி, குளிர்சாதனமின்றி அசையும் பலகைகளின் வழியே வரும் காற்றை நம்பிக் கட்டப்பட்டது. அத்தகைய கட்டிடத்தில் இயந்திரம் இலக்கை எட்டியதா என்ற கேள்விக்கு இடமில்லை. அங்கே எண்ணவேண்டியது, உள்ளே இருப்போர்க்கு வசதியாக இருந்த நேரத்தையே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- கட்டிட ஆற்றல் மாதிரியாக்கம்
- வெப்பக் கொள்ளளவு
- தெர்மோஸ்டாட்
- வெப்பக்காப்பு
- பசுமைக் கட்டிடம்
- திருவண்ணாமலை